கட்டடத் தகவல் மாதிரியும் ஆற்றல் பகுப்பாய்வும்: பவானி வட்டாரக் கட்டடங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

கட்டடத் தகவல் மாதிரி என்பது ஒரு கட்டடத்தின் சுவர், கூரை, கதவு, சன்னல், குழாய் ஆகியவற்றை வெறும் கோடுகளாக வரையாமல், பண்புகளுடைய பொருள்களாகக் கணினியில் அமைக்கும் முறை ஆகும். தொழிலில் இதைப் ‘பிம்’ என்று சுருக்கமாகச் சொல்வர். ஆட்டோகேட் வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். பிம் மாதிரியில் அதே சுவருக்கு உயரம், தடிமன், செங்கல்லா ஏ.ஏ.சி. கல்லா என்னும் விவரம், அதை ஒட்டியுள்ள அறை எது என்னும் தொடர்பு எல்லாம் உண்டு. இவை ஏற்கெனவே மாதிரிக்குள் இருப்பதால், கட்டடம் எவ்வளவு சூடேறும், எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதையும் அதிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்று மென்பொருள் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகின்றன.

இக்கட்டுரை அந்த வாக்குறுதியை ஈரோடு மாவட்டம் பவானி வட்டாரத்துக் கட்டடங்கள் மீது வைத்துப் பார்க்கிறது. காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் உள்ள இவ்வூர் ஜமக்காளத்துக்குப் பெயர்பெற்றது. இங்கே கைத்தறிக் கூடங்கள், ஓட்டு வீடுகள், தார்சு வீடுகள், சிமெண்ட் அட்டை வேய்ந்த குடோன்கள், நெடுஞ்சாலையோரக் கண்ணாடி முகப்புக் கடைகள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. கோடையில் இக்கூரைகளின் கீழ் வேலை செய்பவர்களுக்கு ஆற்றல் பகுப்பாய்வு ஏதேனும் சொல்கிறதா என்பதே கேள்வி. கணக்கிடும் நிரல்களில் பெரிய குறை கிடையாது. மாதிரியிலிருந்து கணக்குக்குத் தரவு செல்லும் வழியில்தான் குறை உள்ளது. அவ்வழி எத்தகைய கட்டடத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது என்பதிலும் உள்ளது.

தனித்தனியே வளர்ந்த இரு மரபுகள்

பிம் முறையின் வேர் 1970களில் அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த கட்டட விவரண முறைமையில் உள்ளது. 1984இல் ஹங்கேரியின் கிராபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேடின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2000இல் வந்த ரெவிட் மென்பொருளை 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. இன்று இந்தியாவில் பிம் என்றால் பலருக்கு ரெவிட்தான். இம்மரபு வரைபலகையின் தேவைகளிலிருந்து பிறந்தது. தளப்படமும் வெட்டுப்படமும் முரண்படக் கூடாது, அளவுப்பட்டியல் தானே வரவேண்டும், பீமைத் துளைத்துக்கொண்டு குழாய் போகக் கூடாது என்பவை அதன் கவலைகள்.

ஆற்றல் கணிப்பு மென்பொருள்களின் பிறப்பு வேறு. எண்ணெய் நெருக்கடிக் காலத்துக்குப் பின் அமெரிக்க அரசின் ஆதரவில் டி.ஓ.இ.-2, பிளாஸ்ட் என்னும் நிரல்கள் வளர்ந்தன. இரண்டின் கூறுகளையும் சேர்த்து உருவான எனர்ஜிபிளஸ் 2001இல் வெளிவந்தது. அது இலவசம், மூலநிரலும் இப்போது திறந்தே உள்ளது. ஓராண்டின் ஒவ்வொரு மணிக்கும், தேவைப்பட்டால் அதைவிடச் சிறிய கால அளவுக்கும், கட்டடத்தின் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு வெப்பம் வருகிறது, போகிறது என்று அது கணக்கிடும். அதன் கண்ணில் சுவர் என்பது தடிமனற்ற ஒரு தளம். அதன் ஒரு பக்கம் ஒரு காற்றுவெளி. மறுபக்கம் இன்னொரு காற்றுவெளி, அல்லது மண், அல்லது வானம். தடிமன் அத்தளத்துக்குத் தரப்படும் ஓர் எண் மட்டுமே.

இவ்விரண்டுக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்ல இரண்டு கோப்பு வடிவங்கள் முன்வந்தன. ஜி.பி.எக்ஸ்.எம்.எல். கலிபோர்னியாவில் 2000ஐ ஒட்டி ஆற்றல் கணக்குக்கென்றே உருவானது. அதனால் எளியது, குறுகியது. ஐ.எஃப்.சி. 1990களின் நடுவில் தொடங்கிய ஒரு கூட்டமைப்பின் படைப்பு. பில்டிங்ஸ்மார்ட் என்னும் பெயரில் இன்று இயங்கும் அவ்வமைப்பு கட்டடம் முழுவதையும் ஒரே கோப்பில் ஏற்ற முயல்கிறது. 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாததால் அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கு ஆண்டுக்கு 15.8 பில்லியன் டாலர் வீணாகிறது என்று அந்நாட்டின் தேசியத் தரநிலை நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை இம்முயற்சிகளுக்கு ஊக்கம் தந்தது. அப்பெரிய எண் எல்லாப் பிம் விளக்கவுரைகளிலும் இன்றும் தவறாமல் எடுத்தாளப்படுகிறது. இழப்பின் பெரும்பகுதி கட்டி முடித்த பின், பராமரிப்புக் காலத்தில் ஏற்படுவது என்று அதே அறிக்கை கூறுவது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

தரவு கைமாறும் இடம்

பிம் மாதிரியிலிருந்து ஆற்றல் மாதிரிக்குச் செல்வது மொழிபெயர்ப்புப் போன்றது. வரைபவருக்குச் சுவர் முதன்மை. அறை என்பது சுவர்களுக்கு நடுவே எஞ்சும் வெற்றிடம். கணக்கிடுபவருக்கு அந்த வெற்றிடமே முதன்மை. ஆகவே ரெவிட்டில் அழகாக வரையப்பட்ட ஒரு மாதிரியில் அறைகளே குறிக்கப்படாமல் இருக்கலாம். அறைகள் குறிக்கப்பட்டிருந்தாலும், கன அளவைக் கணக்கிடு என்று தனியே சொல்லாதவரை மென்பொருள் பரப்பளவோடு நின்றுவிடும். பொய்க்கூரைக்கு மேலுள்ள இடைவெளி எவ்வறையிலும் சேராமல் போகும். தூணுக்கும் சுவருக்கும் இடையே விரற்கடை இடைவெளி இருந்தால் அறை மூடப்படவில்லை என்று மென்பொருள் கருதும்; இல்லாவிட்டால் கத்தி போன்ற மெல்லிய பரப்புகளை நூற்றுக்கணக்கில் உருவாக்கிக் கோப்பில் திணிக்கும். வரைபடமாகப் பார்க்கும்போது இவற்றுள் எதுவும் பிழையன்று. அதனால்தான் வரைந்தவருக்கு அது தெரிவதில்லை.

இன்னொரு சிக்கல் பரப்புகளின் எல்லை பற்றியது. ஒரு நீண்ட சுவரின் ஒருபுறம் ஓர் அறை, மறுபுறம் இரண்டு அறைகள் என்று கொள்ளலாம். வரைபவருக்கு அது ஒரே சுவர். வெப்பக் கணக்குக்கு அதை இரண்டாக வெட்ட வேண்டும். மறுபுறம் ஒன்று குளிரூட்டப்பட்ட அறை, மற்றொன்று படிக்கட்டு என்றால் இரண்டு துண்டுகளிலும் வெப்பம் பாயும் அளவு வேறு. ஐ.எஃப்.சி. தரத்தில் இதற்கென இரண்டாம்நிலை இட எல்லைகள் என்னும் கருத்து உண்டு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் விளாடிமிர் பஸ்யானாக் போன்றோர் இதன் தேவையைத் தொடர்ந்து வலியுறுத்திவந்தனர். ஏட்டில் தரம் தெளிவாகவே உள்ளது. வணிக மென்பொருள்கள் வெளியிடும் கோப்புகளில் அவ்வெல்லைகள் முழுமையாக, சரியாக வருமா என்பதுதான் நிச்சயமில்லை.

அளவெடுப்பதிலும் வேறுபாடு வருகிறது. ஒரு மென்பொருள் சுவரின் உள்முகத்திலிருந்தும், மற்றொன்று சுவரின் மையக்கோட்டிலிருந்தும் அளக்கிறது என்று கொள்வோம். 230 மி.மீ. செங்கல் சுவரும் 3 மீட்டர் சதுர உள்ளளவும் கொண்ட அறைக்கு முதற்கணக்கில் பரப்பு 9 சதுர மீட்டர், இரண்டாவதில் 10.43. வேறுபாடு ஏறத்தாழ 16 விழுக்காடு. அதே தவறு 30 மீட்டர் சதுரக் கூடத்தில் ஒன்றரை விழுக்காடுதான். பெரிய அலுவலகக் கட்டடங்களில் சோதிக்கப்பட்டுச் ‘சரியாகவே உள்ளது’ என்று சான்றுபெற்ற ஒரு பரிமாற்ற வழி, மூன்று சென்ட் வீட்டில் தடுமாறுவதற்கு இதுவே போதுமான காரணம்.

நிறமும் இப்படித்தான். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும் என்பது ஊரறிந்தது. ரெவிட்டில் கூரைக்கு வெள்ளை நிறம் கொடுத்தால் அது திரையில் தெரியும் தோற்றம் மட்டுமே. வெயிலை எவ்வளவு உறிஞ்சும் என்னும் எண்ணை வேறோர் இடத்தில் தனியே தரவேண்டும். வெள்ளைக் கூரையைக் காட்டும் படமும் கறுப்புக் கூரைக்கான கணக்கும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்க முடியும்.

இவற்றையெல்லாம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்தினால் கோப்பு சரியாகிவிடும். பலர் கடைசியில் செய்வதும் அதுதான். பிம் மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு, டிசைன்பில்டரிலோ ஓப்பன்ஸ்டுடியோவிலோ கட்டடத்தைப் பெட்டி பெட்டியாகப் புதிதாக வரைந்துவிடுகிறார்கள். வேலை விரைவாக முடிகிறது, எண்களும் நம்பத்தக்கவையாக வருகின்றன. ஆனால் ஒரே மாதிரி எல்லாவற்றுக்கும் என்னும் வாக்குறுதி அத்துடன் கைவிடப்படுகிறது. வடிவமைப்பு மாறும்போது ஆற்றல் மாதிரி பழையதாகவே நின்றுவிடுகிறது.

பவானியின் கூரைகள்

கொங்குப் பகுதியின் தொட்டிக்கட்டு வீட்டை எடுத்துக்கொண்டால் இம்மொழிபெயர்ப்பின் எல்லை உடனே தெரியும். நடுவில் வானம் பார்த்த தொட்டி. நாற்புறமும் தாழ்வாரம், அதற்குக் கூரை உண்டு, தொட்டியை நோக்கிச் சுவர் கிடையாது. ஆசாரம் தாழ்வாரத்தில் திறந்திருக்கும். ஜி.பி.எக்ஸ்.எம்.எல். கோப்புக்கு மூடிய கன உருவம் வேண்டும். தாழ்வாரம் உள்ளா வெளியா என்று அது கேட்கிறது. உள்ளே என்றால், இல்லாத ஒரு சுவரை வரையவேண்டும். வெளியே என்றால், தாழ்வாரம் வெறும் நிழல்தரும் தகடாகச் சுருங்கும். இரண்டு விடையிலும் அவ்வீடு எதனால் குளிர்ச்சியாக இருக்கிறதோ அந்தக் காற்றோட்டம் கணக்கிலிருந்து விடுபடுகிறது. எனர்ஜிபிளசில் காற்றோட்ட வலையமைப்பைத் தனியே அமைத்து இதைக் கணிக்க முடியும். பிம் வழியாக வரும் கோப்பு அதைக் கொண்டுவருவதில்லை. அது பெரும்பாலும் மணிக்கு இத்தனை முறை காற்று மாறும் என்னும் ஒற்றை எண்ணோடு வருகிறது. ஓட்டுக்கு ஓடு காற்று நுழையும் நாட்டோட்டுக் கூரைக்கும், கண்ணாடி அடைத்த கடைக்கும் அதே எண்தான்.

பொருள்களின் இயல்பிருப்பு மதிப்புகள் இதைவிடக் கெடுதல் செய்பவை. ரெவிட்டின் ஆற்றல் அமைப்புகள் அமெரிக்கத் தரங்களை அடிப்படையாகக் கொண்டவை. பயனர் எதுவும் சொல்லாவிட்டால் கூரைக்கு வெப்பக் காப்பு உண்டு என்று அது எண்ணிக்கொள்ளும். பவானியின் கூரைகள் எப்படிப்பட்டவை? இந்தியத் தர நிறுவனம் 1987இல் வெளியிட்ட எஸ்.பி. 41 கையேடு செங்கல்லின் வெப்பக் கடத்துமையை 0.811 என்றும், கல்நார் சிமெண்ட் அட்டையினுடையதை 0.245 என்றும் தருகிறது. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், இருபுறமும் பூசிய 230 மி.மீ. செங்கல் சுவரின் யு மதிப்பு, அதாவது இருபுற வெப்பநிலையும் ஒரு டிகிரி வேறுபடும்போது ஒரு சதுர மீட்டரில் பாயும் வெப்பம், ஏறத்தாழ 2 வாட். மேலே எதுவும் பதிக்காத 150 மி.மீ. கான்கிரீட் தளத்துக்கு அது 3ஐத் தாண்டும். 6 மி.மீ. சிமெண்ட் அட்டைக்கு 4க்கும் மேல். குடியிருப்புகளுக்கான இந்திய விதித்தொகுப்பு கூரைக்கு அனுமதிக்கும் உச்சம் 1.2. இயல்பிருப்பு மதிப்பை மாற்றாமல் ‘பகுப்பாய்வு’ பொத்தானை அழுத்தும் மாணவர், சிமெண்ட் அட்டைக் குடோனை வரைந்துவிட்டு, காப்புறையிட்ட அமெரிக்கக் கட்டடத்தின் அறிக்கையைப் பெறுகிறார். அறிக்கையில் வண்ண வரைபடங்களும் இரண்டு தசம இடங்களும் இருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் இந்தியக் கட்டுமானப் பொருள்களின் வெப்பப் பண்புகளைச் சோதனைக்கூடத்தில் அளந்து வெளியிட்டுள்ளது. அவ்வெண்களைக் கையால் எடுத்துப் போடலாம். ஆனால் பொருளின் பெயரும் பண்பும் கோப்பு மாறும்போது பிழைத்திருக்க வேண்டும். ரெவிட்டில் கவனமாக உள்ளிட்ட கடத்துமை மறுமுனையில் வெற்றிடமாக வந்து, அங்குள்ள மென்பொருள் தன் இயல்பிருப்பால் அவ்வெற்றிடத்தை நிரப்பிவிடுவது ஆற்றல் ஆய்வாளர்கள் அடிக்கடி சொல்லும் குறை. கோப்பு திறந்துவிட்டது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்பதாலேயே தரவு வந்து சேர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

யாருடைய வெயில், யாருடைய வசதி

வானிலைக் கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பவானிக்கெனத் தனிக்கோப்பு கிடையாது. எனர்ஜிபிளஸ் பயனர்களுக்கு நெடுங்காலம் கிடைத்துவந்த இந்தியக் கோப்புகளில் தமிழ்நாட்டுக்குச் சென்னையும் திருச்சியுமே கைக்கு எட்டின. பின்னர் கோவை விமான நிலையக் கோப்பும் கிடைத்தது. கோவை பவானியிலிருந்து சுமார் 100 கி.மீ. மேற்கே, 200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேரே வந்து மோதும் இடத்தில் உள்ளது. பவானி, ஈரோடு பகுதி தமிழ்நாட்டின் மிக வெப்பமான பகுதிகளுள் ஒன்று; 2024 கோடையில் ஈரோட்டில் பல நாள் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியது. கோவைக் கோப்பை வைத்துப் பவானிக் கட்டடத்தைக் கணக்கிட்டால், கணினி அக்கட்டடத்தை மலையடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

இதைவிட ஆழமான பிரச்சினை எதை அளப்பது என்பது. பிம் வழி வரும் அறிக்கைகள் முதலில் காட்டும் எண், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பது. 2020 பதிப்பிலிருந்து ரெவிட்டுக்குள்ளேயே எனர்ஜிபிளஸ் இயங்கும் வசதி வந்திருந்தாலும், கட்டடத்தில் குளிரூட்டும் கருவி உண்டு என்ற எண்ணத்திலிருந்தே அவ்வழி தொடங்குகிறது. கைத்தறி நெசவாளரிடம் இவ்வெண்ணைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? தமிழ்நாடு அரசு 2023இல் கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தியது. இரண்டு விசிறியும் சில விளக்குகளும் உள்ள கூடத்தில் அந்த அளவைத் தாண்டுவதே அரிது. ஆகவே கூரைக்கு வெப்பக் காப்பு போடுவதால் அவருக்கு மிச்சமாகும் மின்கட்டணம் சுழியம். போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்னும் கட்டத்தில் மென்பொருள் முடிவிலியைக் காட்டும். சித்திரை மாதப் பிற்பகலில் சிமெண்ட் அட்டைக்குக் கீழே தறியை நிறுத்திவிட்டு எழுந்து போகும் இரண்டு மணி நேரத்துக்கு அக்கட்டத்தில் இடமே இல்லை. மின்சாரம் அளக்கும் கருவி வேர்வையை அளப்பதில்லை.

ஆனால் எனர்ஜிபிளசுக்கு அளக்கத் தெரியும். குளிரூட்டியே இல்லாமல் கட்டடத்தை ஓடவிட்டு, ஆண்டில் எத்தனை மணி நேரம் உள்வெப்பநிலை தாங்கும் வரம்பைக் கடக்கிறது என்று அது சொல்லும். அவ்வரம்புக்கும் இந்திய அளவுகோல் உண்டு. செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய அலுவலகங்களில் நடத்திய களஆய்விலிருந்து உருவாக்கிய தகவமைவு வசதி மாதிரி, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் மக்கள் இதமாக உணரும் வெப்பநிலையை இப்படிக் கணக்கிடுகிறது: அண்மைய 30 நாள் சராசரி வெளிவெப்பநிலையை 0.54ஆல் பெருக்கி 12.83 கூட்டவேண்டும். சராசரி 32 டிகிரி என்றால் விடை 30.1. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்கும் வரம்பு அதற்கு மேலும் கீழும் ஏறத்தாழ 2.4 டிகிரி. அதாவது 32.5 டிகிரி வரை பவானியில் ஒருவர் பெரிதும் முறையிடமாட்டார். 24 டிகிரியை இலக்காக வைத்துத் தொடங்கும் அறிக்கை அவரைப் பற்றியதன்று. அலுவலக ஊழியர்களிடம் எடுத்த அளவை உடலுழைப்புச் செய்யும் நெசவாளருக்கு அப்படியே பொருத்தலாமா என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. இருந்தாலும் மின்கட்டணத்தை விட இதுவே பொருத்தமான தொடக்கம். இம்மாதிரி தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பிலும் இடம்பெற்றுவிட்டது. பிம் வழியில் வரும் பயனர் அதை அடையப் பல பட்டிகளுக்குள் புகுந்து இயல்பிருப்புகளை அணைத்துவிட்டு வரவேண்டியுள்ளது.

சட்டம் தொடாத ஊர்

ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்டது. அது 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. குடியிருப்புகளுக்கு 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குப் பொருந்தும். அது பன்னிரண்டு சென்ட்டுக்கும் சற்று மேல். பவானியில் புதிதாக எழும் வீடுகளின் மனைகள் பெரும்பாலும் இதில் பாதிகூட இரா. ஆக, நகரின் கட்டடங்களில் மிகப் பெரும்பான்மை இரு விதித்தொகுப்புகளுக்கும் வெளியே நிற்கிறது. சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அனுமதி கேட்பவர் பிம் மாதிரியையே தாக்கல் செய்யவேண்டும். இங்கே அனுமதிக்குக் கேட்கப்படுவது வரைபடம். இதில் ஒரு முரண் உள்ளது. கோவையிலும் சென்னையிலும் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி வரைந்து அனுப்பும் நிறுவனங்கள் பல உள்ளன. கொங்குப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் படித்த இளைஞர்கள் அங்கே உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனையின் ஒவ்வொரு குழாயையும் மாதிரியில் ஏற்றுகிறார்கள். அவர்கள் ஊரில் கட்டும் சொந்த வீட்டுக்கு மேஸ்திரி கையில் இருப்பது ஒரு தாள் தளப்படம்.

மீட்டரும் மாதிரியும்

ஆற்றலைக் கணக்கு வைப்பது கொங்குப் பகுதிக்குப் புதிதன்று. கோவையில் 1888இல் முதல் நூற்பாலை தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. இன்றும் நூற்பாலை மேலாளர் பேசும் அளவு யூ.கே.ஜி.; ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பது. அது மீட்டரில் படித்த எண். சென்ற மாதம் கூடினால் இந்த மாதம் காரணம் கேட்கப்படும். கட்டட ஆற்றல் மாதிரி தரும் எண்ணுக்கு அத்தகைய விசாரணை நடப்பதில்லை. அனுமதியோ பசுமைச் சான்றிதழோ கிடைத்ததும் கோப்பு மூடப்படும். ஐந்தாண்டு கழித்து யாரும் அதை மின்கட்டண ரசீதோடு ஒப்பிடுவதில்லை. ஒப்பிட்டுப் பார்த்த இடங்களில் கிடைத்தது பாடமாக உள்ளது. அமெரிக்காவில் லீட் சான்று பெற்ற 121 கட்டடங்களை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு அறிக்கையில், மொத்தச் சராசரி கணிப்புக்கு நெருங்கியே இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கட்டடங்கள் தனித்தனியே 25 விழுக்காட்டுக்கும் கூடுதலாக விலகின. சிலவற்றில் நல்ல திசையில், சிலவற்றில் கெட்ட திசையில்.

காரணங்களில் பெரியது பயன்பாடு. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் பசுமைக் கட்டடமாகத் திட்டமிடப்பட்டு 2010இல் திறக்கப்பட்ட சட்டமன்ற வளாகம் 2014இல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையானது. சட்டமன்றம் கூடும் நாள்களை வைத்துப் போட்ட எந்தக் கணக்கும் இருபத்துநான்கு மணி நேர மருத்துவமனைக்குப் பொருந்தாது. இது அரசியல் செய்த மாற்றம் என்று ஒதுக்கலாம். ஆனால் பவானியில் கீழ்த்தளம் கடை, மேல்தளம் வீடு என்று கட்டியது இரண்டே ஆண்டில் மேல்தளம் குடோன், மொட்டைமாடியில் தகரக் கொட்டகை என்று மாறுவது அன்றாட நிகழ்வு. பிம் ஆதரவாளர்கள் கட்டடத்தின் வாழ்நாள் முழுதும் மாதிரி உடன்வரும் என்கிறார்கள். தகரக் கொட்டகையை மாதிரியில் ஏற்றப்போவது யார் என்பதற்கு விடை கிடையாது.

வாழ்நாள் என்று பேசும்போது மென்பொருளின் வாழ்நாளையும் பார்க்கவேண்டும். இந்தியக் கட்டடக்கலை மாணவர்களிடம் ஒருகாலத்தில் பரவலாக இருந்த ஈகோடெக்ட் மென்பொருளை ஆட்டோடெஸ்க் 2008இல் வாங்கி, 2015இல் விற்பனையை நிறுத்தியது. அதன் சொந்த வடிவத்தில் சேமித்த ஆய்வுக் கோப்புகள் அநாதையாயின. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் நிரந்தர உரிமம் விற்பதையும் நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. கட்டடம் அறுபது ஆண்டு நிற்கும்; அதன் தரவைத் திறக்கும் சாவி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஐ.எஃப்.சி. போன்ற திறந்த வடிவத்தின் உண்மையான நியாயம் இங்கேதான் உள்ளது. இட எல்லைகளில் அது தடுமாறலாம். ஆனால் அதைத் திறக்க யாரிடமும் சந்தா கட்ட வேண்டியதில்லை. பிளெண்டருக்குள் இயங்கும் போன்சாய் என்னும் இலவச நீட்சியிலேயே திறந்து படிக்கலாம், திருத்தலாம். கூரைப் பொருளுக்கு ‘சீமை ஓடு’ என்று தமிழிலேயே பெயரிடலாம். கோப்புக்குள் அது குறியெண்களாகப் போய், தரத்தைப் பின்பற்றும் மென்பொருளில் மறுபடி தமிழாகவே வெளிவரும்.

நம்பத்தக்க சிறு கணக்கு

பிம் மாதிரி நன்றாகச் செய்யும் வேலை அளவெடுப்பது. எந்தத் திசையில் எவ்வளவு சுவர், எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு நிழல் என்பதை அது பிழையின்றிப் பட்டியலிடும். ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் முதன்மை அளவுகோலுக்கு இதற்கு மேல் அதிகம் தேவையில்லை. சுவரும் சன்னலும் சேர்ந்து வீட்டுக்குள் விடும் சராசரி வெப்பத்தை ஒரே சூத்திரத்தில் அது கணக்கிடுகிறது. உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 15 வாட். திசைவாரிப் பரப்புகள், யு மதிப்புகள், கண்ணாடியின் வெயில் விடும் தன்மை, சன்னல் மேலுள்ள நிழல்தட்டின் நீளம், சூத்திரத்தோடு தரப்பட்ட மாறிலிகள், இவ்வளவுதான். மூடிய கன உருவமும் இரண்டாம்நிலை எல்லையும் வானிலைக் கோப்பும் தேவையில்லை. பரிமாற வேண்டிய தரவு இருபது முப்பது எண்களாகச் சுருங்குவதால் வழியில் தொலைவதற்கும் அதிகம் இல்லை. தொலைந்தால் கண்ணுக்குத் தெரியும்.

காற்றோட்டத்தையும் கூரையையும் இந்த ஒற்றை எண் கணக்கில் எடுப்பதில்லை என்பது உண்மை. விதித்தொகுப்பு அவற்றுக்குத் தனி வரம்புகளை வைத்துள்ளது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைக்குச் சட்டம் இதைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஊர்ப் பொறியாளர் ஒருவர் இலவச மென்பொருளில் வீட்டை எளிமையாக வரைந்து, பரப்புகளை விரிதாளுக்கு எடுத்து, செங்கல்லுக்கு 2 என்றும் 200 மி.மீ. ஏ.ஏ.சி. கல்லுக்கு 0.8 என்றும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஒரு பிற்பகல் வேலை. மேற்குப் பக்கச் சன்னலை வடக்கே நகர்த்தினால் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதை, கடைக்கால் தோண்டும் முன்பே வீட்டுக்காரரிடம் காட்டிவிடலாம்.